அளவோடு இட்ட சுண்ணாம்பு

மலாக்காவின் காஜா பெராங்கில், கம்போங் செட்டிக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் கொத்தனார் சுண்ணாம்பு நீற்றிக்கொண்டிருந்தார். இரும்புப் பீப்பாயில் முக்கால் பங்கு தண்ணீர். பக்கத்தில், உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட மூட்டைகள். ஈப்போ பக்கமிருந்து லோரியில் வந்தவை. கண்ணை மூடும் கண்ணாடியும் முழங்கை வரை கையுறையும் போட்டிருந்தார். நீளப் பிடி வைத்த கரண்டியால் எலுமிச்சை அளவுக் கட்டிகளை எடுத்து ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறக்கினார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கட்டியின் மேல் குமிழ்கள் கிளம்பின. விரிசல் ஓடியது. கட்டி உடைந்து வெள்ளையாகக் கலங்கியது. அடியில் அடுப்பு எதுவும் இல்லாமலே தண்ணீர் தளதளவென்று கொதித்தது. எட்ட நின்ற என் முகத்திலும் சூடு பட்டது.

"தள்ளி நில்லுங்க சார். தெறிச்சா கண்ணு போயிடும்" என்றார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், கோயில் திருப்பணிக்காக மலேசியா வந்து போகிறவர். "தண்ணியிலதான் சுண்ணாம்பைப் போடணும். சுண்ணாம்பு மேல தண்ணிய ஊத்தவே கூடாது."

அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டால், கல்லுக்குள் கட்டுண்ட கரியமில வாயு வெளியேறிவிடும். தூய கல் 100 கிலோ சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும்; 44 கிலோ காற்றோடு போய்விடும். அந்த 56 கிலோ, 18 கிலோ தண்ணீரை உறிஞ்சி 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பாகிறது. சூளையில் வாங்கிய சூட்டில் ஒரு பங்கை அப்போது வெளியே விடுகிறது. பீப்பாய் நிறையத் தண்ணீர் இருந்தால் சூடு பரவி அடங்கும். கொஞ்சம் தண்ணீரைச் சுண்ணாம்புக் குவியலின் மேல் ஊற்றினால் சூடு 100 டிகிரியைத் தாண்டிப் போகும். நீராவியோடு சுண்ணாம்பும் சிதறும். பக்கத்தில் இருக்கும் சாக்குப் பையே பற்றிக்கொள்ளலாம்.

நீற்றிய சுண்ணாம்பைச் சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்திருந்தார்கள். மாதக்கணக்கில் ஊறினால்தான் பூச்சுக்கு ஏற்ற பதம் வரும். சுவரில் ஏறிய பிறகு அது மெல்ல மெல்லக் காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது.

இந்த வெள்ளைப் பொருளைத் தேடித்தான் மலாக்கா மாநிலத்துக்குள் போனேன். பட்டணத்துப் பழஞ்சுவரில் தொடங்கி, குழாய்த் தண்ணீர், தொழிற்சாலைக் கழிவுநீர், தோட்டத்து மண் என்று அது வேலை செய்யும் இடங்களைப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒரே பாடம். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பைப் போல்தான்: அளவாக இருந்தால் சிவக்கும், மிஞ்சினால் வாய் வெந்துவிடும். அந்த அளவைக் கையில் வைத்திருப்பவர்களை நாம் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

சுவர் மூச்சுவிட வேண்டும்

செயின்ட் பால் குன்றின் அடியில் போர்த்துகீசியக் கோட்டையின் வாசல் ஒன்று மட்டும் நிற்கிறது. 1511-இல் மலாக்காவைப் பிடித்த அல்புகர்க் எழுப்பத் தொடங்கிய 'ஆ ஃபமோசா' கோட்டையை, 1807-இல் ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் தலையிட்டதால் இந்த ஒரு வாசல் தப்பியது. கையை வைத்துப் பார்த்தால் கல் முழுக்கக் குழி குழியாக, துருவேறிய இரும்பின் நிறத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் செம்பூரான் கல் என்போம். மண்ணுக்குள் இருக்கும்போது வெட்ட எளிது. காற்றுப் பட்டால் இறுகும். மலாக்காவில் அது எங்கும் கிடைத்தது. ஆனால் கல்லைக் கல்லோடு சேர்த்துப் பிடிக்கச் சுண்ணாம்பு வேண்டும்.

குன்றைச் சுற்றிக்கொண்டு டச்சுச் சதுக்கத்துக்கு வந்தால் கிறிஸ்து ஆலயம். டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்த நூறாண்டு நிறைவுக்காக 1741-இல் தொடங்கி 1753-இல் முடித்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் அந்தச் சிவப்பு 1911-இல் வந்தது. அதற்கு முன் அது வெள்ளைக் கட்டடம்.

ஆற்றைக் கடந்து ஜாலான் துக்காங் எமாஸ் தெருவுக்குள் நுழைந்தால், ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம். டச்சு அரசு கொடுத்த நிலத்தில், செட்டி சமூகத்தின் தலைவர் தெய்வநாயகம் செட்டி 1781-இல் கட்டியது. நாட்டில் இன்னும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. அதே தெருவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல், கொஞ்சம் நடந்தால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பதிவானது 1824-இல்தான். ஆக, இந்தத் தெருவின் பழைய சுவர்கள் எழும்பியபோது கொத்தனார் கையில் இருந்தது சுண்ணாம்புக் காரை.

மலாக்காவும் சிங்கப்பூரும் சேர்ந்திருந்த நீரிணைக் குடியேற்ற நாடுகளில் இந்தியக் கைதிகள் செய்த வேலையும் நினைவுக்கு வருகிறது. சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தை 1856-இல் தொடங்கி எழுப்பியவர்கள் அவர்கள். அதன் உட்சுவருக்குப் பூசியது மதராஸ் சுண்ணம்: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவரும் இந்தக் குடும்பத்து வேலைதான். கைவிலங்கோடு கப்பலேறி வந்தவர்கள், ஊரின் சுவர்களைப் பளிங்குபோல் ஆக்கிவிட்டுப் போனார்கள்.

தெருவில் நடக்கும்போது சில வீடுகளின் கீழ்ச்சுவரைக் குனிந்து பார்த்தேன். முழங்கால் உயரம் வரை சாயம் கொப்பளித்து, உரிந்து, உள்ளே உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டால் மாவாகக் கொட்டியது. ஆற்றங்கரை மண், கீழிருந்து ஈரம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் அந்த ஈரம் பூச்சின் நுண்துளைகள் வழியாக வெளியே போய்விடும். பிற்காலத்தில் அதன் மேல் சிமெண்ட் பூசி, அதற்கும் மேல் எண்ணெய்ச் சாயம் அடித்தால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. உள்ளேயே நின்று, உப்பைப் படிகமாக்கி, பழைய செங்கல்லை உள்ளிருந்து உடைக்கிறது. மேலே பார்க்கச் சுவர் புதிதாக இருக்கும். உள்ளே சுவர் போய்க்கொண்டிருக்கும்.

காஜா பெராங் கொத்தனாரிடம் இதைக் கேட்டேன். "சிமெண்ட் கெட்டியானது சார். பழைய செங்கல்லு மெத்துன்னு இருக்கும். மெத்துன்னு இருக்கிறதுக்கு மேல கெட்டியானதைப் போட்டா, எது முதல்ல உடையும்? செங்கல்லுதான்" என்றார். மரபுச் சுவர் பாதுகாப்பு பற்றிய பாடப் புத்தகங்கள் பல பக்கங்களில் சொல்வதும் இதுதான்.

மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் 2008 ஜூலை 7-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அந்தப் பெருமை நிலைக்க வேண்டுமானால் இந்தச் சுவர்கள் மூச்சுவிட வேண்டும்.

குழாயைத் திறந்தால்

மலாக்காக்காரர்களிடம் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால், நடுவயதைத் தாண்டியவர்கள் 1991-ஐச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு வறட்சியில் டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வற்றிப்போனது. தண்ணீர் லோரிக்காக வாளியோடு வரிசையில் நின்ற கதை ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. பிறகுதான் ஜொகூரின் மூவார் ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் ஏற்பாடும், ஜூஸ் நீர்த்தேக்கமும் வந்தன.

நான் போனது ஒரு நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு. உள்ளே நுழைந்ததும் படிகாரத்தின் வேலையைப் பார்க்கலாம். ஆற்றிலிருந்து வரும் பழுப்பு நீரில் அதைக் கலந்தால், கண்ணுக்குத் தெரியாத சேறு திரண்டு, பஞ்சுபோல் கட்டியாகி அடியில் படியும். ஆனால் படிகாரம் தண்ணீரைப் புளிப்பாக்கிவிடும். ஒவ்வொரு மில்லிகிராம் படிகாரமும் தண்ணீரின் இயல்பான காரத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராமைத் தின்றுவிடுகிறது. வெப்பமண்டல ஆற்று நீரில் அந்தக் காரம் முதலிலேயே குறைவு. அந்தக் குறையை நிரப்பத்தான் சுண்ணாம்புப் பால்.

ஆய்வுக் கூடத்தில் இருந்த தமிழ்ப் பெண் என்னைச் சுண்ணாம்பு அறைக்கு அழைத்துப் போனார். அவருடைய அம்மா மெர்லிமாவ் பக்கத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அறை முழுக்க வெள்ளைப் படலம். தொட்டியில் துடுப்பு சுழல, சுண்ணாம்புப் பால் கலங்கிக்கொண்டே இருந்தது. நிறுத்தினால் அடியில் படிந்துவிடும். அங்கிருந்து ரப்பர் குழாய் வழியாகச் சிறிய பம்ப் அதைத் துளித்துளியாகத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. அவர் குழாயை நடுவில் பிடித்து இரண்டு பக்கமும் வளைத்தார். உள்ளே 'கரக்'கென்று ஒரு சத்தம்.

"உள்ளுக்குள்ளயே கல்லாயிடும் அண்ணே. காத்துல இருக்குற கரியமில வாயு பட்டாலே போதும். தினமும் இப்படி உடைச்சு விடணும். இல்லைன்னா பம்ப் ஓடும், மருந்து போகாது."

சுவரில் நமக்கு நன்மை செய்யும் அதே குணம், இங்கே குழாயை அடைக்கிறது.

மலேசியக் குடிநீர்த் தரப்படி, தண்ணீரின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் பி.எச். மதிப்பு 6.5-க்கும் 9.0-க்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் தண்ணீர் குழாயின் இரும்பையும் செம்பையும் அரிக்கும். கூடினால் குளோரின் வலுவிழக்கும். பி.எச். 7.5-இல் கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருப்பது குளோரினில் ஏறத்தாழ பாதி. 8.5-க்குப் போனால் அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதனால் குளோரின் தன் வேலையை முடிக்கும்வரை பொறுத்து, அதற்குப் பிறகு கடைசியாகச் சுண்ணாம்பைச் சேர்ப்பது நல்ல வழக்கம்.

"மழை பெஞ்சா ஆத்துத் தண்ணி ஒரு மணி நேரத்துல மாறிடும். அப்ப படிகாரத்தைக் கூட்டணும். கூட்டுன உடனே சுண்ணாம்பையும் பாக்கணும். ராத்திரி ரெண்டு மணின்னாலும் இதேதான்" என்றார். மேசையில் குறிப்பேடு. மணிக்கு மணி எழுதிய பி.எச். எண்கள் வரிசையாக இருந்தன. பெரும்பாலும் ஏழும் ஏழேகாலும் என்று அமைதியாகப் போகும் எண்கள், நடுவில் ஓர் இரவில் மட்டும் ஏறி இறங்கியிருந்தன. அந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளித்தவர் யாரென்று, மறுநாள் காலையில் குழாயைத் திறந்த யாருக்கும் தெரிந்திருக்காது.

நீலத் தண்ணீர் தெளிந்தது

1970-களின் தொடக்கத்தில் பத்து பெரண்டாம் தடையற்ற வர்த்தக வட்டாரம் வந்தது. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போக, லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, விட்டு வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இந்தத் தொழிற்சாலைகளின் ஷிப்ட் பஸ்ஸில் ஏறினார்கள். உற்பத்திக் கூடத்தில் வேலை செய்பவர்களை எல்லோருக்கும் தெரியும். கட்டடத்தின் பின்புறம் கழிவுநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்பவரைத் தெரியாது.

மாநிலத்தின் ஒரு தொழிற்பேட்டையில் மின்முலாம் பூசும் பட்டறை ஒன்றின் பின்புறம் அப்படி ஒருவரைச் சந்தித்தேன். ஐம்பதைத் தாண்டியவர், ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். கண்ணாடிக் குவளையில் முலாம் தொட்டிக் கழிவுநீரை எடுத்துக் காட்டினார். வெளிர் நீலம். வெயிலில் அழகாகவே இருந்தது. "குடிச்சா உயிர் போயிடும் தம்பி. இதுல செம்பு இருக்கு" என்றார்.

சுண்ணாம்புப் பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினார். நீர் கலங்கியது. சற்று நேரத்தில் நீலநிறப் பஞ்சு திரண்டு கீழே இறங்கத் தொடங்கியது. மேலே நின்ற நீர் மெல்லத் தெளிந்தது. கரைந்திருந்த செம்பு, சுண்ணாம்பின் காரத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகி அடியில் படிந்துவிட்டது. இந்தப் பட்டறையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு முழுவதற்கும் அடிப்படை அந்தக் குவளையில் நடந்ததுதான். தொட்டிகள் பெரியவை, அவ்வளவுதான்.

"ரொம்பப் போட்டா நல்லதுதானே?" என்று கேட்டேன்.

இல்லையென்று தலையாட்டினார். "அதான் தப்பு. துத்தநாகம் இருந்துச்சுன்னா, அளவு மீறுனா படிஞ்சது திரும்பக் கரைஞ்சிடும். குரோமியமும் அப்படித்தான்."

ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒவ்வொரு அளவு. குரோமியம் எட்டை ஒட்டிய பி.எச்.-இல் நன்றாகப் படியும். நிக்கலுக்குப் பத்துக்கு மேல் போக வேண்டும். மஞ்சளாக இருக்கும் ஆறிணைதிறக் குரோமியம், சுண்ணாம்புக்கு அசையவே அசையாது. முதலில் தண்ணீரைப் புளிப்பாக்கி, கந்தக உப்பு சேர்த்து, பச்சை நிறத்துக்கு மாற்றிய பிறகே சுண்ணாம்பு அதைப் பிடிக்கும். எல்லா உலோகமும் கலந்து வரும் தொட்டியில் எந்தப் புள்ளியில் நிறுத்துவது என்பதுதான் அவர் அனுபவம். மின்னணுச் சில்லு செய்யும் தொழிலில் வரும் ஃபுளோரைடையும் சுண்ணாம்பின் கால்சியம் கெட்டியாகப் பிடித்துப் படிய வைக்கும்.

2009-ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகள் இதற்கு எல்லை வகுத்திருக்கின்றன. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறம் ஆற்றில் விடும் நீரில் செம்பு லிட்டருக்கு 0.20 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம். மற்ற இடங்களில் 1.0 மில்லிகிராம். ஒரு நாணயத்தைவிடச் சிறிய அளவு உலோகம்கூட ஆயிரக்கணக்கான லிட்டரைக் கெடுத்துவிடும் என்பதை இந்த எண்ணிலிருந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அடியில் படிந்த சேற்றைப் பிழிந்து, அடை அடையாக எடுத்து, பையில் கட்டியிருந்தார்கள். மேலே 'எஸ்.டபிள்யூ. 204' என்று எழுதிய சீட்டு. உலோகம் கலந்த சேற்றுக்கு அரசு கொடுத்த குறியீடு அது. அதை ஊர்க் குப்பையோடு சேர்க்கக் கூடாது. உரிமம் பெற்றவர்களிடம் மட்டுமே போக வேண்டும். சுண்ணாம்பு நஞ்சை அழிப்பதில்லை. தண்ணீரிலிருந்து பிரித்து, கண்ணில் படும்படி கையில் கொடுக்கிறது. அதற்குப் பிறகு அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மனிதர்களின் பொறுப்பு. அந்தக் கடைசிப் படியில் யாராவது நேர்மை தவறினால், மேலே சொன்ன வேலை அத்தனையும் வீண்.

லயத்துச் சுவரும் தோட்டத்து மண்ணும்

ஜாசினிலிருந்து ஆசாஹான் போகும் வழியெங்கும் செம்பனை. மலேசிய ரப்பரின் கதை தொடங்கிய மண் இது. 1896-இல் டான் சே யான், புக்கிட் லிந்தாங்கில் நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தைப் போட்டார். பிறகு புக்கிட் ஆசாஹானில் பெரிய தோட்டம். அந்த ரப்பருக்காகக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இந்த மாநிலத்துத் தமிழர்களில் பெரும்பாலோர்.

ஒரு தோட்டத்தில் பழைய லயங்கள் சில மிச்சமிருந்தன. ஆளில்லாத வீடு ஒன்றின் சுவரில் உரிந்து நின்ற பூச்சைக் கவனித்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய ஏடுகள். சிலவற்றில் லேசான நீலச் சாயல். ஒவ்வோர் ஏடும் ஓர் ஆண்டின் வெள்ளையடிப்பு.

அருகில் குடியிருக்கும் பாட்டியம்மா சொன்னார்: "ஆபீசுல சுண்ணாம்பு குடுப்பாங்கய்யா. பெரிய தகர டின்னுல ஊற வச்சு, நீலம் கொஞ்சம் போட்டு, தென்னை மட்டையைத் தட்டி பிரஷ் மாதிரி பண்ணி அடிப்போம். தீவாளிக்கு முன்னாடி லயமே பளிச்சுன்னு ஆயிடும். கையெல்லாம் வெந்து போகும், ஆனா மூட்டைப்பூச்சி போயிடும்."

பாட்டி சொன்னதில் வேதியியல் இருக்கிறது. நீற்றிய சுண்ணாம்பு கரைந்த நீரின் பி.எச். 12.4 வரை போகும். அந்தக் காரத்தில் பூஞ்சையும் கிருமியும் பிழைப்பது கடினம். நெருக்கியடித்துக் கட்டிய, காற்றோட்டம் குறைந்த வரிசை வீடுகளில் சாயம் வாங்கக் காசில்லாத மக்களுக்குக் கைக்கெட்டிய கிருமிநாசினி அது. வெந்த கைகளுக்குக் கையுறை கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. அந்தச் சுவர் ஏடுகளைப் பார்க்கும்போது அந்தக் கைகளையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

லயத்துக்குப் பின்னால் சிறிய காய்கறித் தோட்டம். சிவந்த மண்ணில் உருண்டை உருண்டையாகச் சரளை. மலேசிய மண் வகைப்பாட்டில் 'மலாக்கா வரிசை' என்றே ஒரு மண்ணுக்குப் பெயர் உண்டு. செம்பூரான் சரளை நிறைந்த மண். கோட்டைக்குக் கல் கொடுத்த அதே நிலத்தின் தன்மை. வெப்பமும் மழையும் காலங்காலமாகக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விட்டன. மிஞ்சியது புளித்த மண். அதில் கரையும் அலுமினியம் வேர் நுனியைக் கருக்கிவிடும். ரப்பரும் செம்பனையும் அந்தப் புளிப்பைத் தாங்கும். சோளமும் நிலக்கடலையும் கீரையும் தாங்காது. கடலோரம் மெர்லிமாவ், சுங்கை ராம்பாய் பக்கம் போனால் சிக்கல் வேறு விதம். மேற்குக் கரைச் சமவெளியில் கந்தகம் புதைந்த களிமண் உண்டு. வடிகால் வெட்டிக் காற்றுப் படவிட்டால் அது கந்தக அமிலமாகி, மண்ணின் பி.எச். 3.5-க்கும் கீழே இறங்கிவிடும்.

மருந்து சுண்ணாம்புதான். ஆனால் வயலுக்குச் சுட்ட சுண்ணாம்பு பெரும்பாலும் வேண்டாம். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு 100 கிலோ கல்தூளின் வேலையைச் செய்யும் என்பது கேட்க லாபமாகத் தோன்றும். ஆனால் அது வேரையும் மண்புழுவையும் கையையும் சுடும். மலேசிய விவசாயிகள் வழக்கமாக இடுவது மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கல்தூள். மெதுவாகக் கரையும், மெக்னீசியமும் கிடைக்கும். அதிலும் அளவு மீறினால் துத்தநாகம், போரான், மாங்கனீசு போன்ற நுண்சத்துகளைச் செடி எடுக்க முடியாமல் போய்விடும். செம்பனை போரான் குறைவைச் சட்டென்று ஓலையில் காட்டிவிடும் மரம். மண்ணைச் சோதித்துப் பார்க்காமல் மூட்டையைப் பிரிப்பது, நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதாகும்.

நோய் வந்த பண்ணைகள்

1998 செப்டம்பரில் தொடங்கி 1999 வரை நிப்பா வைரஸ் மலேசியாவை உலுக்கியது. மலாக்காவுக்கு அடுத்த நெகிரி செம்பிலானில், சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அந்த வைரஸுக்கு நிலைத்துவிட்டது. 265 பேர் நோயுற்றார்கள், 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சம் அளவுக்குப் பன்றிகள் கொல்லப்பட்டன. 2021 இறுதியில் மலாக்காவின் மஸ்ஜித் தானா வட்டாரத்தில், பாயா மெங்குவாங் பண்ணைகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தது. இது மனிதருக்குத் தொற்றாது. ஆனால் பண்ணைகளைத் துடைத்துவிடும்.

இப்படிப்பட்ட நேரங்களில் பண்ணைத் தரையிலும் வாசலிலும் புதைகுழியிலும் சுண்ணாம்பு தூவுவது உலகெங்கும் உள்ள வழக்கம். அதற்கும் எல்லை உண்டு. சுண்ணாம்பு உடலைக் கரைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது அழுகலைத் தாமதப்படுத்துகிறது. நாற்றத்தையும் கிருமியையும் கட்டுப்படுத்துகிறது. சாக்கடைச் சேற்றின் கிருமிகளைக் குறைக்கவும் இதே முறை: அமெரிக்க விதிப்படி பி.எச். 12-ஐ இரண்டு மணி நேரமாவது தாங்கி நிற்க வேண்டும். மேலே வெள்ளையாகத் தூவிவிட்டால் போதாது. சேற்றோடு நன்றாகக் கலக்க வேண்டும். காரம் தொட்ட இடத்தில்தான் கிருமி சாகும்.

கொடுக்கும் விலை

உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 43 கோடி டன் சுண்ணாம்பு உற்பத்தி செய்கிறது. எஃகு ஆலைகள்தான் பெரிய வாடிக்கையாளர். உருகிய இரும்பின் அழுக்கைக் கசடாகப் பிரிப்பது சுண்ணாம்பு. சர்க்கரையைச் சுத்தம் செய்ய, காகிதம் செய்ய, மின்நிலையப் புகையின் கந்தகத்தைப் பிடிக்க என்று பட்டியல் நீளும். இத்தனைக்கும் காற்று விலை கொடுக்கிறது. கல்லிலிருந்தே வெளியேறும் கரியமில வாயு, ஒரு டன் சுட்ட சுண்ணாம்புக்கு முக்கால் டன்னுக்கும் சற்று மேல். சூளைக்கு எரிக்கும் எரிபொருள் அதற்கு மேல் தனி. பேராக்கில் கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள், குகைகளும் அவற்றுக்கே உரிய செடிகளும் உயிர்களும் உள்ளவை. அவையும் வெட்டப்பட்டுக் குறைகின்றன. சுவரில் பூசிய சுண்ணாம்பு அந்த வாயுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. உலையில் கசடோடு போனது அவ்வளவாக வாங்குவதில்லை. எனவே வீணாக்கிய ஒவ்வொரு மூட்டையும் ஒரு குன்றின் துண்டு, காற்றில் ஒரு சுமை. அளவு என்பது பயிருக்கும் குழாய்க்கும் மட்டுமான கணக்கு அல்ல.

ஆகவே சில வேண்டுகோள்கள், உரியவர்களிடம் நேராகவே வைக்கிறேன்.

வீட்டில் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா இருந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். இந்தியாவில் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் கசக்கிப் பிள்ளைகள் பார்வையிழந்த செய்திகள் மருத்துவ ஏடுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. கண்ணில் பட்டுவிட்டால் அந்த நிமிடமே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

காய்கறி போடுகிறவர்கள் முதலில் மண்ணைச் சோதித்துவிட்டு, பிறகு கல்தூள் வாங்குங்கள்.

கோயில் நிர்வாகத்தாரிடம் கேட்பது இன்னும் பெரியது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் வருகிறது. திருப்பணி என்றதும் பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, பளபளக்கும் சாயம் அடிப்பது வழக்கமாகிவிட்டது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சுவராக இருந்தால், கொத்துவதற்கு முன் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவரை வரவழைத்துக் காட்டுங்கள். தேசியப் பாரம்பரியத் துறையிடம் ஆலோசனை கேளுங்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூசுங்கள். நாளும் செலவும் கொஞ்சம் கூடும். ஆனால் சுவர் இன்னும் இருநூறு ஆண்டு நிற்கும்.

அதற்குக் கை வேண்டும். காஜா பெராங்கில் நான் பார்த்த கொத்தனார் தமிழ்நாட்டிலிருந்து வந்து போகிறவர். விசா முடிந்தால் போய்விடுவார். அவரோடு வேலையும் போய்விடும். அடுத்த திருப்பணியில் உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு பேரையாவது சம்பளம் கொடுத்து அவர் பக்கத்தில் நிறுத்துங்கள். பீப்பாயில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சுண்ணாம்பு, எத்தனை மாதம் ஊற வேண்டும் என்பதை அவர்கள் கையால் பழகட்டும். நீர் நிலையத்து அக்காவுக்கும் பட்டறை அண்ணனுக்கும் தெரிந்த அந்த அளவு, நம் கோயில் சுவருக்கும் தெரிந்தவர்கள் நம் ஊரிலேயே இருக்க வேண்டும்.